மிளிர்தலும் வானவில்லும்: ஒரு நிறச்சொல்லின் மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஆங்கிலத்தில் 'இரிடெசன்ட்' எனும் பெயரடை இடம்பெறும் தொடரைத் தமிழாக்க நேரும்போது மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் மூன்று வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். 'வானவில் நிறமுடைய' என்பது ஒரு வழி. 'பன்னிறமான', 'வண்ணமயமான' என்பன போன்ற சொற்களைப் பெய்வது மற்றொரு வழி. 'மினுமினுக்கும்', 'பளபளக்கும்' என ஒளியைக் குறிக்கும் இரட்டைக்கிளவியோடு நிறைவடைவது மூன்றாவது. இம்மூன்றையும் பிழையென ஒரே வீச்சில் ஒதுக்கிவிட இயலாது. ஒவ்வொன்றும் மூலச்சொல்லின் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளவே செய்கிறது. ஆயினும் மூன்றும் ஒருங்கே விட்டுவிடுகின்ற பகுதி ஒன்றுண்டு. அச்சொல்லின் உயிர்நிலை அப்பகுதியிலேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

முதலில் பொருளைக் காண்போம். மாடப்புறாவின் உடல் சாம்பல் நிறம். அதன் கழுத்தோ ஒரு பக்கம் நோக்கப் பச்சை. புறா தலையைத் திருப்பினால் ஊதா. பச்சை எங்கே சென்றது என்று தேடினால் அது எங்கும் செல்லவில்லை. பார்க்கும் கோணம் மாறிற்று, அவ்வளவே. ஒளிபடும் கோணமோ நோக்கும் கோணமோ மாறுந்தோறும் நிறம் மாறித் தோன்றுதலே இந்நிகழ்வின் இலக்கணம். சோப்புக் குமிழி, ஈரச்சாலையில் படர்ந்த எண்ணெய், சிப்பியின் உட்புறம், பொன்வண்டின் மேலிறகு, மயிற்பீலியின் கண் ஆகியன யாவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள்.

இந்நிறங்கள் சாயத்தால் அமைவன அல்ல. மயிற்பீலியின் நீலத்தை இடித்தெடுத்துச் சாயமாக்க முடியாது. இடித்தால் எஞ்சுவது பழுப்புநிறத் தூளே. நுண்ணோக்கியின்கீழ் மயிலிறகைக் கண்டு 1665இல் எழுதிய ராபர்ட் ஹூக், 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் மெல்லிய படலங்களின் நிறங்களை ஆராய்ந்த நியூட்டன், ஒளி அலைகளின் குறுக்கீடு எனும் கொள்கையால் அவற்றை விளக்கிய தாமஸ் யங் எனப் பலர் கைமாற்றி வளர்த்த புரிதல் இது. பீலியின் நுண்ணிழைகளில் மெலனின் கோல்கள் ஒழுங்கான அடுக்காக நிற்கின்றன என்பதும், அக்கோல்களுக்கு இடைப்பட்ட தொலைவு வேறுபடுவதாலேயே நீலமும் பச்சையும் மஞ்சளும் தோன்றுகின்றன என்பதும் 2003இல் வெளியான ஆய்வொன்றில் விளக்கம் பெற்றன.

இந்திய வாசகர் இவ்விடத்தில் சர் சி. வி. இராமனை நினைத்தல் இயல்பு. 1934இல் பெங்களூரில் அவர் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ் முதல் தொகுதியிலேயே பறவையிறகின் நிறங்களைப் பற்றியும் சிப்பிகளின் நிறங்களைப் பற்றியும் அவர் எழுதினார். பறவைகளுள் அவர் எடுத்துக்கொண்டது பனங்காடை. இத்தேர்வு மொழிபெயர்ப்பாளருக்கும் பயன்படத்தக்கது. பனங்காடைச் சிறகின் நீலமும் சாயத்தால் அமையாமல் இறகின் உள்ளமைப்பால் விளைவதே. எனினும் மயிற்கழுத்துப்போல அது கோணத்துக்குக் கோணம் வெளிப்பட மாறுவதில்லை. ஆகவே அமைப்பால் விளையும் நிறம் என்பது வேறு, கோணத்தால் மாறும் நிறம் என்பது வேறு. பின்னது பெரும்பாலும் முன்னதன் ஒரு வகை. அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், பனங்காடையையும் மயிலையும் ஒப்பிடும் பத்தி வந்தவுடன் தடுமாற நேரும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ஐரிஸ்' கிரேக்கரின் வானவில் தெய்வம். அப்பெயரின் இலத்தீன அடியான 'இரிட்' என்பதோடு 'எசன்ட்' எனும் ஈறு சேர்ந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் இச்சொல் உருவாயிற்று. உப்புகள் பல நிறங்காட்டும் காரணத்தால் 'இரிடியம்' எனும் தனிமத்துக்கு ஸ்மித்சன் டென்னன்ட் 1803இல் பெயரிட்டதும் இதே அடியிலிருந்துதான். சொற்பிறப்பைக் கூறுவோர் பொதுவாக ஐரிசோடு நின்றுவிடுகின்றனர். மொழியியலார் கவனிக்க வேண்டியதோ ஈறு. இலத்தீனில் 'எஸ்க்' எனும் இடைநிலை தொடக்கத்தையும் ஆதலையும் குறிப்பது. வளரத் தொடங்குதல், நலம்பெறத் தொடங்குதல் என்பன போன்ற வினைகளில் வருவது. எனவே 'இரிடெசன்ட்' என்பதன் உறுப்புகளைப் பிரித்துக் கண்டால் 'வானவில்லாகிக்கொண்டிருக்கிற' என்பதே பொருள். 'வானவில் நிறமுடைய' எனும் தமிழாக்கம் அடியைக் காத்து ஈற்றைத் துறந்துவிட்டது. ஆதல் போய் உடைமை வந்துவிட்டது.

வானவில்லை உவமையாகக் கொண்டதிலும் ஓர் இடர் உண்டு. வானவில்லும் காண்பவனைப் பொறுத்ததே. அருகருகே நிற்கும் இருவர் காண்பது ஒரே வில் அன்று. ஆனால் தமிழில் 'வானவில்' எனும் சொல் எழுப்பும் காட்சி அதுவன்று. பள்ளிநூல்களில் வரிசையாகத் தீட்டப்பெற்ற ஏழு பட்டைகளே வாசகர் மனத்தில் எழும். எல்லா நிறமும் ஒருங்கே, தத்தம் இடத்தில், அசையாமல் நிற்கும் காட்சி அது. புறாக்கழுத்திலோ ஒரே இடத்தில் ஒன்று போய் மற்றொன்று வருகிறது. முன்னது இடத்தால் பரந்த பன்மை. பின்னது காலத்தால் தொடரும் பன்மை. 'பன்னிறமான' என்பதும் இக்குறையுடையதே. புள்ளிமானும் பன்னிறமுடையது, கலங்காரித் துணியும் பன்னிறமுடையது. அவை நம்மைச் சுற்றி நடக்கவைப்பதில்லை.

பழங்கிரேக்கம் இவ்வேறுபாட்டை இரு சொற்களில் வைத்துக்கொண்டது. 'பொய்க்கிலொஸ்' என்பது புள்ளி, வரி, பூவேலை முதலிய பன்மையைக் குறிக்கும். 'அயொலொஸ்' என்பது விரைந்து அசைவதையும் அசைவால் மின்னுவதையும் ஒருசேரக் குறிக்கும். ஓமர் தம் இலியத்தில் பின்னதைப் பாம்புக்கும் குளவிக்கும் குதிரைக் காலுக்கும் அடையாக்குகிறார். குதிரைக் காலில் அது விரைவு; பாம்பின்மேல் அது நிறமா அசைவா என்று பிரித்துச் சொல்ல உரைகாரர்கள் இடர்ப்படுகின்றனர். பிரிக்க வேண்டிய தேவை நமக்கேயன்றி ஓமருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உரோமப் புலவர் லுக்ரீசியசு தம் மெய்யியல் காவியத்தின் இரண்டாம் நூலில், பொருளின் மூல அணுக்களுக்கு நிறம் இல்லை என்பதற்குச் சான்றாகப் புறாக்கழுத்தையும் மயிற்றோகையையும் காட்டுவார். திரும்பினால் மாறும் நிறம் பொருளில் உறைவதாக எவ்வாறு கொள்ளலாம் என்பது அவர் வாதம்.

பிற மொழிகள் இந்நிகழ்வுக்குப் பெயரிட்ட முறை நோக்கத்தக்கது. போர்த்துக்கீசியர் 'ஃபுர்த்த கோர்' என்பர். நிறத்தைத் திருடுவது என்று பொருள். எசுப்பானியத்தின் 'தோர்னசோல்' கதிரவன்பால் திரும்புவது என்னும் பொருளில் பிறந்தது. இத்தாலியத்தின் 'காஞ்ஞாந்தே' மாறிக்கொண்டிருப்பது. பிரெஞ்சில் 'ஷத்வாயான்' பூனையின் கண்ணிலிருந்து எழுந்தது. நம் வைடூரியத்தைப் பூனைக்கண் என்பதோடு இதனை ஒப்பிடலாம். இவற்றுள் எதுவும் நிறத்தின் பெயர் அன்று என்பதைக் காண்க. திருடல், திரும்பல், மாறல் என வினைகளே மேலோங்குகின்றன.

நம் நாட்டில் இச்சொல்வளத்தைப் பேணியவர் நெசவாளர். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த பட்டு, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறித் தோன்றும். இதனை இந்தியில் 'தூப் சாவ்' என்பர்: வெயில் நிழல். வங்கத்தில் 'மயூர்கண்டி', தமிழில் 'மயில் கழுத்து'. இந்திப் பெயர் ஒளியின் நிலையைச் சொல்கிறது; வங்கமும் தமிழும் நிறம் மாறும் பொருளைச் சுட்டுகின்றன. வெயில் நிழல் எனும் பெயரில் எந்த நிறமும் இல்லை. ஆதலால் பாவும் ஊடையும் எந்நிறமாயினும் அது பொருந்தும். மயில் கழுத்து எனும் பெயரில் நீலமும் பச்சையும் உறைந்திருக்கின்றன. இதன் விளைவைத் தமிழகத்துத் துணிக்கடைகளில் காணலாம். ஒரே நிற நூலால் நெய்த பருத்திச் சேலையும், சற்றும் மாறித் தோன்றாத நெகிழித் துணியும்கூட இன்று 'மயில் கழுத்துக் கலர்' எனப் பெயர் பெறுகின்றன. மாற்றத்தைச் சுட்டிய பெயர் நீலப்பச்சையின் ஒரு சாயலுக்குப் பெயராகத் தேய்ந்துவிட்டது. அழகிய சொல்தான், கலைச்சொல்லாக உயர்த்தலாம் என்று முன்மொழிவோர் இத்தேய்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிவப்பும் பொன்னுமாக மாறும் வண்டினை 'மயிற்கழுத்து நிறத்து வண்டு' என்றால் வாசகர் நீலவண்டையே காண்பர்.

நிறச்சொற்களைப் பற்றிய மொழியியல் ஆய்வு இச்சிக்கலுக்குத் துணைசெய்யவில்லை என்பதையும் கூறவேண்டும். பெர்லின், கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு 329 நிறச்சில்லுகளைக் கொண்டு இருபது மொழியாளரிடம் நடத்திய சோதனையை அடிப்படையாக உடையது. சில்லு தட்டையானது, அசைவற்றது, ஈரமும் உலர்வும் அற்றது. அதன்முன் நிறுத்தப்பட்டவர் சாயல், ஒளிர்மை, செறிவு எனும் மூன்றைத் தவிர வேறெதனைச் சொல்ல இயலும்? இதற்கு முன்னரே, 1955இல், பிலிப்பைன்சின் அனுனோ மக்களின் நிறச்சொற்களை ஆராய்ந்த கான்க்லின், அச்சொற்களில் ஈரம், உலர்வு, பசுமை, வாட்டம் ஆகியனவும் பொருட்கூறுகளாக அமைவதைக் காட்டியிருந்தார். நிறச்சில்லு எதனைக் கேட்கிறதோ அதனையே விடையாகப் பெறுகிறது என்று ஜான் லூசி 1997இல் எழுப்பிய மறுப்பு, என் கருத்தில், இன்னும் முழுமையாக விடையிறுக்கப்படவில்லை. தமிழையே கொண்டால், 'பசுமை' எனும் சொல் இலைக்கும் பொன்னுக்கும் பசலைக்கும் உரியது. பச்சை மஞ்சள் எனும் சில்லுகளால் அதனை அளக்கப்புகுவோர் முரண் என்பர். தொல்காப்பிய உரியியல் குரு, கெழு எனும் இரண்டையும் நிறம் எனும் பொருளில் வைக்கிறது. 'குருமணி' போன்ற தொடர்களில் அந்நிறத்தை ஒளியினின்று பிரித்தெடுக்க எவராலும் எளிதில் இயலாது.

இப்பின்னணியில் 'மிளிர்தல்' எனும் வினையை ஆராய்வது தகும். இன்றைய வழக்கில் அது ஒளிவிடுதல் மட்டுமே. விழா மேடைகளில் 'நட்சத்திரமாக மிளிர்கிறார்' என்று தேய்ந்துபோன சொல். பழைய வழக்கிலோ அதற்குப் புரளுதல், பிறழ்தல், கீழ்மேலாதல் எனும் பொருள்களும் உண்டு. உழுபடையால் நிலம் மிளிரும், கண் மிளிரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒளிர்தற் பொருளையும் புரளுதற் பொருளையும் ஒரே தலைச்சொல்லின்கீழ்த் தருகிறது. இவை தற்செயலாக ஒலி ஒத்த இரு சொற்கள் எனக் கருத வேண்டியதில்லை. கலப்பை புரட்டிய ஈரமண் புரளும் கணத்தில் ஒளிர்கிறது. உருளும் விழி உருளுதலாலேயே ஒளிர்கிறது. அயொலொஸ் எனும் கிரேக்கச் சொல்லில் அசைவும் மின்னலும் எவ்வாறு ஒன்றாயினவோ அவ்வாறே தமிழிலும் ஆயின. திரும்புதலால் ஒளிர்தல் என்பதே மிளிர்தல். நாம் தேடும் நிகழ்வின் இலக்கணத்துக்கு இதனினும் அணுக்கமான தமிழ்வினை எனக்குத் தென்படவில்லை.

எனினும் இதனைத் தனித்து நிறுத்தினால் இன்றைய வாசகருக்கு மேடைப்பொருளே தோன்றும். பழம்பொருளை ஆணையிட்டு மீட்க முடியாது. ஆகவே அறிவியல் எழுத்துக்கு 'நிறமிளிர்வு' எனும் தொகையைப் பரிந்துரைக்கலாம். நிறம் எனும் முன்னொட்டு வெறும் ஒளிர்வினின்று இதனைப் பிரிக்கும். 'நிறமிளிரும் சிறகு', 'நிறமிளிர்வற்ற நீலம்' என்று ஆக்கங்களுக்கும் இடந்தரும். அமைப்பால் விளையும் நிறத்துக்குக் 'கட்டமைப்பு நிறம்' என்பது போதுமானது. பனங்காடையின் நீலம் கட்டமைப்பு நிறம், ஆனால் நிறமிளிர்வு அன்று எனத் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

இலக்கிய மொழிபெயர்ப்பில் கலைச்சொல் உதவாது. கீட்சின் 'லேமியா' (1820) இங்கு நல்ல சோதனைக்களம். பாம்புருவில் இருக்கும் பெண்ணை அவர் வருணிக்கும் பகுதியில் நிறப்பெயர்கள் நெருங்கி நிற்கின்றன. வரிக்குதிரையின் வரியும் சிறுத்தையின் புள்ளியும் மயிலின் கண்ணும் உவமையாகின்றன. இவ்வளவும் கிரேக்கர் கூறும் முதல்வகைப் பன்மை. அதன்பின் வரும் வெள்ளி நிலவுகளோ அவள் மூச்சுவிடுந்தோறும் கரைந்தும் கூடுதலாக ஒளிர்ந்தும் பின்னியும் தோன்றுகின்றன. நிறங்களை அசைப்பது மூச்சு. அதற்குப் பிறகே வானவில் எனும் சொல் அவள் விலாவுக்கு அடையாக வருகிறது. மூச்சோடு வரும் மூன்று வினைகளைச் சுருக்கி, வானவில் எனும் அடையை மட்டும் விரித்து ஒருவர் தமிழாக்கினால், கிடைப்பது அழகாகத் தீட்டிய பாம்புப்படம்; உயிருள்ள பாம்பன்று. இதே காவியத்தின் பிற்பகுதியில்தான் தத்துவம் வானவில்லைப் பிரித்துவிடும் எனும் புகழ்பெற்ற குறை எழுகிறது. முற்பகுதியின் பாம்பைத் தட்டையாக்கியவர் பிற்பகுதியின் குறையையும் பொருளற்றதாக்கிவிடுகிறார். பிரிப்பதற்கு அங்கே எதுவும் எஞ்சாது.

தமிழ்த் தொடரமைப்பு இவ்விடத்தில் ஆங்கிலத்தைக் காட்டிலும் வளமுடையது என்றே கருதுகிறேன். ஆங்கிலத்தில் நிறம் பெரும்பாலும் பொருளின்மேல் ஏறும் அடை. தமிழில் நிறம் எழுவாயாகிப் பொருள் அதன் இடமாகும் தொடர்கள் பலவுண்டு. கண்ணில் செவ்வரி ஓடுகிறது. மேனியில் பசலை படர்கிறது. முத்தின் ஒளியை வணிகர் 'நீரோட்டம்' என்பதும் இவ்வகையே. ஓடுதல், படர்தல், பாய்தல், பூத்தல் என நிறத்துக்கு உரிய வினைகள் நம்மிடம் ஆயத்தமாக உள்ளன. 'தோறும்' எனும் இடைச்சொல் அசைவுக்கும் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை ஒரே சொல்லில் கட்டிவிடும். 'புறாவின் கழுத்து வானவில் நிறத்தில் ஒளிர்ந்தது' என்பதனையும் 'புறா தலை திருப்புந்தோறும் கழுத்தில் பச்சை போய் ஊதா ஓடிற்று' என்பதனையும் அருகருகே வைத்து நோக்குக. பின்னதில் மூலத்தின் பெயரடை இல்லை; மூலம் காட்டிய காட்சி இருக்கிறது. ஒரு பெயரடைக்கு ஒரு பெயரடை எனும் கணக்கு தமிழில் பல இடங்களில் நட்டத்தில் முடிவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. தொடர் நீள்கிறதே எனும் மறுப்பு எழலாம். கதையோட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் வந்து மறையும் அடையாயின் 'நிறம் மாறி மின்னும்' என்று சுருக்கிக்கொள்வதில் தவறில்லை. ஆசிரியர் நின்று பார்க்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளரும் நின்றே ஆகவேண்டும்.

உருவக வழக்கு மேலும் நுட்பமானது. சப்பானிய மொழியில் 'தமமுசி இரோ' என்பது பொன்வண்டை ஒத்த வண்டொன்றின் நிறம். அவ்வண்டின் சிறகுகளால் அணிசெய்யப்பெற்ற ஏழாம் நூற்றாண்டுப் பேழையொன்று ஓர்யூசிக் கோயிலில் இன்றும் உள்ளது. கேட்பவர் அவரவர் விரும்பியவாறு பொருள்கொள்ள இடந்தரும் அறிக்கையையும் உடன்படிக்கையையும் இதே சொல்லால் சப்பானியர் குறிப்பர். செருமானியத்தின் 'சில்லெர்ண்ட்' ஒருவரின் ஆளுமையைக் குறிக்கும்போது ஈர்ப்பும் ஐயமும் கலந்து நிற்கும். தமிழாக்குவோர் இவ்விடங்களில் 'பச்சோந்தித்தனம்' எனும் சொல்லை நாடக் கூடும். அது பொருந்தாது. பச்சோந்தி தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது. அதனால் அச்சொல்லில் இகழ்ச்சி உண்டு. வண்டோ மாறுவதில்லை, காண்பவர் இடம் மாறுகின்றனர். இருபொருள்பட எழுதப்பெற்ற உடன்படிக்கையின் சொற்களும் மாறுவதில்லை. 'பக்கத்துக்கொரு நிறங்காட்டும் உடன்படிக்கை' என்றால் இகழ்ச்சி குன்றிச் சப்பானியர் கருதும் தந்திரம் நிலைபெறும். ஓர் எழுத்தாளரின் நடையைப் பாராட்ட ஆங்கிலத் திறனாய்வாளர் 'இரிடெசன்ட்' எனும்போது அதனை 'வண்ணமயமான நடை' என்று தமிழில் பெயர்த்தால், பாராட்டப்பெற்றவர் அணிகளை அள்ளித் தெளிப்பவர் எனும் பொருள் வந்துவிடுகிறது. திறனாய்வாளர் கருதியதோ ஒரே வாக்கியம் இரண்டாம் வாசிப்பில் வேறொன்றாகத் தோன்றுவதை. அதற்கு 'மிளிர்நடை' பொருந்துமா என்பதை மொழிபெயர்ப்பாளர் தத்தம் பனுவல்களில் வைத்துப் பார்த்தே சொல்லவேண்டும்.